ஹைதராபாத் தந்த கால்பந்து ஆசான் ரஹீம் சாஹிப்

ஒலிம்பிக் கால்பந்துப் போட்டியில் நம் தேசம் அரையிறுதி வரை சென்று நான்காவது இடத்தைப் பெற்றது என்று வீட்டிலுள்ள பேரன் பேத்திகளிடம் சொல்லிப் பாருங்கள். தாத்தா ஏதோ கதை விடுகிறார் என்றுதான் நினைப்பார்கள். ஆனால் 1956ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் அது நடந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1951ஆம் ஆண்டும் 1962ஆம் ஆண்டும் கால்பந்துத் தங்கப் பதக்கம் நமக்கே கிடைத்தது. இந்த மூன்று சாதனைகளுக்கும் பின்னால் நின்றவர் ஒருவரே. அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட நிபுணர் அல்லர். ஹைதராபாத் நகரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். சையத் அப்துல் ரஹீம் என்பது அவருடைய பெயர். ஊரார் மரியாதையுடன் ரஹீம் சாஹிப் என்று அழைத்தார்கள்.

பல ஊர்களில் வசிக்கும் நமது அங்கத்தினர்களுக்கு ஹைதராபாத் என்றால் சார்மினார் நினைவுக்கு வரும். விளையாட்டு என்று கேட்டால் கோபிசந்தையும் சிந்துவையும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இந்தியக் கால்பந்துக்குக் கல்கத்தாவுக்கு அடுத்த தலைநகராக இந்த ஊர் இருந்தது என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த பலரும் அறிய மாட்டார்கள். அந்தக் காலத்தையும் அதை உருவாக்கிய ஆசானையும் பற்றிச் சில செய்திகளை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் ஆசிரியர் பணியும்

ரஹீம் 1909ஆம் வருடம் ஆகஸ்ட் 17ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்தார். அப்போது அது நிஜாம் ஆட்சிக்குட்பட்ட சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழக அணியில் சிறந்த ஆட்டக்காரராக விளங்கினார். சிட்டி காலேஜின் அன்றைய மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து நடத்திய இலெவன் ஹண்டர்ஸ் என்ற குழுவுக்கும், பிற்பாடு கமர் கிளப்புக்கும் ஆடினார்.

பட்டம் பெற்றபின் அவர் தேர்ந்தெடுத்தது ஆசிரியர் தொழில். காச்சிகுடா நடுநிலைப் பள்ளி, உருது ஷரீஃப் பள்ளி, தாருல் உலூம் உயர்நிலைப் பள்ளி, சாதர்காட் உயர்நிலைப் பள்ளி என்று பல இடங்களில் பணியாற்றினார். இடையில் உடற்பயிற்சிக் கல்வியில் டிப்ளமா பெற்றார். அதன்பின் கடைசி இரண்டு பள்ளிகளிலும் விளையாட்டுப் பொறுப்பு அவரிடம் வந்தது.

அவர் கடைசிவரை அடிப்படையில் ஓர் ஆசிரியராகவே இருந்தார் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒருவனுக்குக் கணக்கு வரும், கையெழுத்து வராது. இன்னொருவன் நன்றாகப் படிப்பான், ஆனால் வாய் திறந்து பதில் சொல்லக் கூசுவான். யாரிடம் என்ன குறை என்று கண்டுபிடித்து அதற்கேற்பப் பாடம் நடத்துபவரே நல்ல ஆசிரியர். மைதானத்தில் ரஹீம் செய்ததும் அதுவேதான்.

1943ஆம் ஆண்டு ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகப் பொறுப்பேற்றார். மறையும்வரை, அதாவது இருபது வருடங்கள், அப்பொறுப்பில் இருந்தார். அந்த இருபது வருடங்களில் இந்த ஊர் கண்ட மாறுதல்கள் சாமானியமானவை அல்ல. 1948 செப்டம்பரில் சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி ஆந்திரப் பிரதேசம் உருவானது. ஆட்சிகள் மாறின, எல்லைகள் மாறின, அலுவலக மொழி மாறியது. மைதானத்தில் மட்டும் வேலை தடைப்படவில்லை.

சிட்டி போலீஸ் அணி

ரஹீமின் பெயரை நாடறியச் செய்தது ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி. 1950ஆம் ஆண்டிலிருந்து அவர் அதன் பயிற்சியாளர். பம்பாயில் நடந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. அந்நாளில் டெல்லியில் நடந்த டூரண்ட் கோப்பையை 1950, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. ஆந்திரா போலீஸ் என்று பெயர் மாறியபின் 1961இலும் டூரண்ட் கோப்பை ஹைதராபாத்துக்கு வந்தது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் போன்ற கல்கத்தாவின் பெரிய அணிகளுக்கு இருந்த பணபலமும் ரசிகர் கூட்டமும் போலீஸ் அணிக்குக் கிடையாது. ஆடியவர்கள் சொற்ப சம்பளம் வாங்கிய போலீஸ் சிப்பந்திகள். மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் டிராபியையும் ஹைதராபாத் 1956, 1957 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றது.

1970களில் உத்தியோக நிமித்தம் செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்தவன் நான். அந்நாளில் மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் மாலை நடைக்கு வரும் பெரியவர்கள் சிலர் போலீஸ் அணியின் ஆட்டக்காரர்கள் பெயர்களை, நாம் கச்சேரிப் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்களைச் சொல்வதுபோல, வரிசை பிசகாமல் சொல்வார்கள். ரேடியோவிலும் மறுநாள் பேப்பரிலும் மட்டுமே ஆட்டத்தை அறிந்த காலத்தில் அந்த அணிக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தது.

பயிற்சி முறையின் விஞ்ஞானம்

விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் ரஹீமின் பயிற்சி முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. அந்நாளைய இந்திய ஆட்டக்காரர்களுக்குப் பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு நாலைந்து பேரை ஏமாற்றிச் செல்வதில் மோகம் அதிகம். இதை டிரிப்ளிங் என்பார்கள். கூட்டம் கைதட்டும், ஆனால் கோல் விழாது. எவ்வளவு வேகமாக ஓடும் மனிதனாக இருந்தாலும், உதைத்த பந்தின் வேகத்தை அவன் எட்ட முடியாது. ஆகவே மனிதன் ஓடுவதைவிடப் பந்தை ஓட விடுவதே சிக்கனமான வழி. பெளதிகம் படிக்கும் பள்ளி மாணவனுக்கும் புரியக்கூடிய உண்மை இது.

இதை அவர் உபதேசமாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. டிரிப்ளிங் செய்யவே கூடாது என்ற விதியுடன் தனிப் போட்டிகளை நடத்தினார். பந்து வந்ததும் பக்கத்து ஆளுக்குத் தள்ளியே ஆக வேண்டும். அதுபோல, பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியுடன் வேறு போட்டிகள் நடந்தன. வலது கால் பழக்கமுள்ளவன் இடது காலால் மட்டும் ஆட வேண்டும். நாமெல்லாம் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தால் அதன் சிரமம் தெரியும். சில மாதங்கள் இப்படி ஆடியவனுக்கு இரண்டு கால்களும் ஒன்றுபோல் வசப்பட்டுவிடும். எதிராளி அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று ஊகிக்க முடியாது. இந்தப் பயிற்சிக்குப் பணம் தேவையில்லை, இயந்திரங்களும் தேவையில்லை. ஒரு மைதானம், ஒரு பந்து, யோசித்து வகுத்த ஒரு விதி, இவ்வளவே அவர் கேட்டது.

உலகில் எங்கு என்ன புதுமை நடக்கிறது என்பதையும் கவனித்துவந்தார். 1953இல் ஹங்கேரி அணி லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்கடித்து உலகை வியக்க வைத்தது. நடு முன்வரிசை ஆட்டக்காரரைச் சற்றுப் பின்னால் நிறுத்தி, எதிரணியின் காவலரைக் குழப்புவது அவர்கள் கையாண்ட உத்தி. ரஹீம் அதைத் தம் அணிக்கேற்ப மாற்றிக்கொண்டார். பிறகு பின்னால் நால்வர், நடுவில் இருவர், முன்னால் நால்வர் என்ற அமைப்பையும் கையாண்டார். பிரேசில் 1958இல் உலகக் கோப்பையை வென்று பிரபலப்படுத்திய முறை அது.

வாடகை சைக்கிளுக்கு ஒரு ரூபாய்

செகந்திராபாத் கண்டோன்மென்ட்டை அடுத்த அம்முகுடா என்ற கிராமத்தில் 1936ஆம் ஆண்டு ஏழைத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். அவருடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத்தில் நடக்கும் பயிற்சிக்கு வரச்சொன்னார். அம்முகுடாவிலிருந்து நகரத்துக்கு வெகுதூரம். வாடகை சைக்கிளில்தான் வர வேண்டும், அதற்குக்கூட வீட்டில் வசதியில்லை. இதையறிந்த ரஹீம், சைக்கிள் வாடகைக்காகத் தினம் ஒரு ரூபாயைத் தம் கையிலிருந்தே கொடுத்து அந்தப் பிள்ளையை வரவழைத்தார். ஒரு பள்ளி ஆசிரியருக்கு அந்நாளில் ஒரு ரூபாய் என்பது பெரிய தொகை. பலராம் தமது முதுமையிலும் இதை மறக்காமல் சொல்லி வந்தார்.

அந்த ஒரு ரூபாய் வீண் போகவில்லை. பலராம் 1956இலும் 1960இலும் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். 1962இல் அர்ஜுனா விருது பெற்றார். பி.கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி ஆகியோருடன் சேர்த்து இந்தியக் கால்பந்தின் மும்மூர்த்திகளில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். 2023 பிப்ரவரியில் அவர் காலமானார்.

இந்த ஊரில் பிறந்த இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். செகந்திராபாத்தின் உள்ளூர்க் குழுக்களில் ஆடத் தொடங்கி, ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து, முன்வரிசை ஆட்டக்காரராக இருந்து கோல்கீப்பராக மாறி ஆசியாவிலேயே தலைசிறந்தவர் என்று பெயர் பெற்றார். தஞ்சாவூர்க்காரரான சைமன் சுந்தரராஜ், கண்ணன் ஆகியோரும் 1960 ஒலிம்பிக் அணியில் இருந்தவர்கள். ஜாதி, மதம், மொழி எதையும் ரஹீமின் மைதானம் கேட்டதில்லை.

ஹெல்சிங்கியில் வீழ்ச்சி, மெல்போர்னில் எழுச்சி

1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ரஹீம் பயிற்சியளித்த இந்திய அணி, இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோல் கணக்கில் வென்று தங்கம் பெற்றது. மேவாலால் போட்ட கோல் அது. அடுத்த வருடமே பெரிய அடி விழுந்தது. ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். நம்மவர்களில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலுடன் ஆடினார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஆடி பிரான்ஸிடம் இரண்டுக்கு ஒன்று என்று நூலிழையில் தோற்றபோது உலகம் நம்மை வியந்து பாராட்டியது. அப்போது இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். அந்தப் பாராட்டில் நாம் கொஞ்சம் மயங்கிவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று.

நான்கு வருடங்கள் கழித்து மெல்போர்ன். ரஹீமின் அணியில் அஜீஸுத்தீன், நூர் முகமது, சலாம், சுல்ஃபிகர், அகமது ஹுசைன், லத்தீஃப், பலராம், தங்கராஜ் என்று ஹைதராபாத் பிள்ளைகள் பலர். முதல் சுற்றில் ஹங்கேரி விலகிக்கொண்டது. டிசம்பர் 1ஆம் தேதி, போட்டியை நடத்தும் ஆஸ்திரேலியாவையே அவர்கள் ஊரில் நான்குக்கு இரண்டு என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் ஆசியர் ஒருவர் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டது அதுவே முதல் தடவை. நான்காவது கோல் கிட்டு என்று எல்லோரும் அழைத்த கிருஷ்ணசுவாமியுடையது.

அரையிறுதியில் மீண்டும் அதே யூகோஸ்லாவியா. முதல் கோலைப் போட்டது நாம்தான் என்பது ஆச்சரியமான விஷயம். முடிவில் நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா நம்மை மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றது. பதக்கம் கைநழுவியது. ஆனாலும் நான்கு வருடங்களுக்கு முன் பத்து கோல் வாங்கிய தேசம் உலகின் முதல் நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது.

மகனுக்கும் சலுகை இல்லை

1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்று, பிரான்ஸுடன் ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். பெருவிடமும் தோற்றதால் முதல் சுற்றுடன் திரும்பினோம். அந்த அணியில் ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் இருந்தார். ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட அவர் களமிறக்கப்படவில்லை. ஒலிம்பிக் வரை வந்த மகனைத் தகப்பனாரே வெளியில் உட்கார வைத்தார். பதவியில் இருப்பவர்கள் தம் பிள்ளைகளுக்கு என்னவெல்லாம் செய்கிறார்கள் என்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு பாடம். ஹக்கீம் பிற்காலத்தில் விமானப்படை அதிகாரியாகவும், சர்வதேச நடுவராகவும் பெயர் பெற்று, 2017இல் தியான் சந்த் விருது பெற்றார். 2021ஆம் ஆண்டு காலமானார்.

ஜகார்த்தா: கடைசிக் காணிக்கை

1962ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டி ஜகார்த்தாவில் நடந்தது. அப்போது ரஹீமை நுரையீரல் புற்றுநோய் பற்றியிருந்தது. அந்த நிலையிலும் அணியுடன் சென்றார்.

போட்டியின் தொடக்கமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இரண்டு கோல் வித்தியாசத்தில் தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றோம், ஆனால் பின்வரிசைத் தூணான ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானையும் வென்று அரையிறுதிக்கு வந்தபோது ரஹீம் ஒரு துணிகரமான முடிவெடுத்தார். தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைலைப் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் தென்வியட்நாமை மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். ஜர்னைலும் ஒரு கோல் போட்டார்.

மைதானத்துக்கு வெளியே வேறு பிரச்சினை. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்திருந்தது. அப்படியானால் இதை ஆசியப் போட்டி என்று அழைக்கக்கூடாது என்று இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கருத்துத் தெரிவிக்க, ஜகார்த்தாவில் இந்தியர்களுக்கு எதிராகக் கொந்தளிப்பு ஏற்பட்டது. நம் தூதரகத்தையும் ஒரு கூட்டம் தாக்கியது. அந்தச் சூழ்நிலையில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் எதிர்த்துக் கூச்சலிட, மறுபடியும் தென்கொரியாவுடன் இறுதியாட்டம்.

முதல் நாள் இரவு ரஹீம் ஆட்டக்காரர்களை அழைத்துப் பேசினார். உத்திகளைப் பற்றி அதிகம் பேசவில்லை. தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது நாளைய தங்கப் பதக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டதாக அதில் கலந்துகொண்டவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். செப்டம்பர் 4ஆம் தேதி ஆட்டம். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த தங்கராஜ் கோல்கீப்பராக நின்றார். 17ஆவது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி ஒரு கோல், 20ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங் ஒரு கோல். முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோல் போட்டது, அவ்வளவுதான். ஆசான் கேட்ட பரிசைச் சிஷ்யர்கள் கொடுத்துவிட்டார்கள்.

அதற்கு ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11ஆம் தேதி, ரஹீம் சாஹிப் ஹைதராபாத்தில் காலமானார். வயது 53.

அவருக்குப் பின்

அவர் வளர்த்த தலைமுறை இருந்தவரை ஹைதராபாத்தின் கொடி ஓரளவு பறந்தது. 1965-66இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் டிராபியை வென்றது. பிறகு அந்தக் கோப்பை அதன் கைக்கு வரவேயில்லை. ஹைதராபாத்தின் நயீமுத்தீன் தலைமையில் இந்தியா 1970 ஆசியப் போட்டியில் வெண்கலம் பெற்றது. 1960க்குப் பின் ஒலிம்பிக் கால்பந்துக்கு நாம் தகுதி பெற்றதே இல்லை. 1962க்குப் பின் ஆசியத் தங்கமும் இல்லை.

அரசு அலுவலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் உழைத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓர் அதிகாரி மாறிப்போனாலும் ஃபைல் இருக்கும், அடுத்து வருபவர் அதைப் படித்து வேலையைத் தொடரலாம். ரஹீம் விஷயத்தில் அப்படிப்பட்ட ஏற்பாட்டை நாம் செய்துகொள்ளவில்லை. செயலாளர், பயிற்சியாளர், ஆள் தேடுபவர், சைக்கிள் வாடகை கொடுப்பவர் என்று எல்லாம் அவர் ஒருவரே. அவருடைய முறைகளைத் தொகுத்து, பத்துப் பதினைந்து பள்ளி ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். பயிற்சியாளர்களுக்கான துரோணாசார்யா விருதும் அவர் மறைந்து இருபத்திரண்டு வருடங்கள் கழித்து, 1985இல்தான் ஏற்பட்டது. 2024இல் மைதான் என்ற ஹிந்திப் படம் அவர் வாழ்க்கையை வைத்து வந்ததால் இன்றைய இளைஞர்களில் சிலராவது அவர் பெயரை அறிந்தார்கள். அதற்கு அறுபது வருடங்கள் ஆயின.

நம் குடும்பங்களில் விளையாட்டு என்றால் பரீட்சைக்கு இடைஞ்சல் என்ற எண்ணம் இன்றும் பலமாக இருக்கிறது. மாலையில் பிள்ளை பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், டியூஷனுக்கு நேரமாகிவிட்டது என்று தடுக்கிறோம். எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை. ஆனால் தனக்கு வராத காலால் உதைத்துப் பழகுவதும், காலில் உள்ள பந்தைப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுப்பதும் வாழ்க்கைக்கும் பயன்படும் பாடங்கள்தான். அவற்றைக் கற்றுத்தரும் ஆசிரியர் உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒருவர் இருக்கக்கூடும். அடுத்த முறை பேரனைப் பள்ளியில் விடப்போகும்போது கணக்கு வாத்தியாரை விசாரிப்பது போலவே விளையாட்டு வாத்தியாரையும் இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள். ரஹீம் சாஹிப்புக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே என்று நினைக்கிறேன்.